பச்சை முக்கோணம்

— இது வேண்டாங்ணா. பச்சக் கலரு முக்கோணம் போட்டத எடுங்க.

— அம்மிணி, நான் வெவரமாச் சொல்றேன், கேளுங்க. நீங்க கையில வெச்சிருக்கற டப்பா மூடியே தொறக்கல. சித்திரை மாசம் என்ற கடையில, இதே மேசை மேல வெச்சு உங்க ஊட்டுக்காரரு ஏகநாதன் வாங்கிட்டுப் போன மருந்து. தேயிலைக் கொசுவுக்கு இதுக்கு மேல ஒண்ணும் கெடையாது. இத எதுக்கு இந்த மழைல தூக்கிட்டு வந்தீங்க?

— வேண்டாம்னுதானுங்க கொண்டாந்தேன். நீங்க இத எடுத்துக்கிட்டு அதக் குடுங்க.

— அதுன்னா எது?

— அந்த மேல் தட்டுல இருக்குதில்லீங்களா, வேப்பங்கொட்டை படம் போட்டது.

— அட, அதுவா! அத விக்கறதுக்குன்னு வாங்கல அம்மிணி. கம்பெனிக்காரன் என்ற தலையில கட்டிட்டுப் போயிட்டான். உரக்கடை ஆறுச்சாமி இயற்கை மருந்தும் வெச்சிருக்கறான்னு பேரு வரட்டும்னு சும்மா இருந்துட்டேன். ஒரு வருசமாத் தூசி தொடைக்கறதோட செரி. ஊட்டில பங்களா வெச்சிருக்கற அம்மா ஒருத்தங்க ரோசாச் செடிக்குன்னு ஒண்ணு வாங்குனாங்க. அவ்வளவுதான். இதுக்கு அது மூணு பங்கு வெலை.

— தெரியுமுங்க.

— தெரிஞ்சுமா கேக்கறீங்க? பச்ச எல கிலோ அஞ்சு ரூவாய்க்கு வந்து நிக்குது. பறிக்கற கூலிக்கே பத்தாம, தேவாலாவுல பாதிப்பேரு செடிய அப்படியே வளரட்டும்னு உட்டுட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறிட்டாங்க. இந்த லட்சணத்துல செடிக்கு இயற்கை மருந்துங்களா? அதெல்லாம் காசு இருக்கறவங்க வெளையாட்டுங்க.

— மண்ணுக்கு நல்லதுன்னு ரேடியோல சொன்னாங்க.

— ரேடியோல பேசறவங்களுக்கு என்ன, சம்பளம் வருது, பேசறாங்க.

— தேனீ எல்லாஞ் சாவுதாமுங்க. ஓடையில மீனு சாவுதாமுங்க.

— உங்க ரெண்டு ஏக்கர்ல இருக்கறது ஓடையா அம்மிணி? மழ நின்னா எறும்பு நடந்து போற வாய்க்காலு. அதுல ஏது மீனு?

— மருந்தடிக்காத எலைக்கு ஒரு பேக்டரில எச்சா வெல தர்றாங்கன்னும் சொன்னாங்க.

— எந்த பேக்டரி? பேரு சொல்லுங்க. இந்தக் கடைய இழுத்துச் சாத்திட்டு நானே அங்க போய் எல போடறேன். உங்க எல, ஆறுக்குட்டி எல, லிங்கசாமி எல எல்லாம் ஒரே லாரில, ஒண்ணு மேல ஒண்ணு மிதிபட்டுத்தான் போகுது. இது லீலாவதி அம்மா இயற்கையா வளத்த எலன்னு ஆரு தனியாப் பிரிச்சு வெக்கறாங்க? அம்மிணி, ரேடியோ, மீனு, பேக்டரின்னு மூணு காரணஞ் சொல்லிட்டீங்க. மூணும் உங்க வாயில ஒட்டவே இல்ல. நெசத்தச் சொல்லுங்க. ஏகநாதன் அனுப்புனாரா?

— இல்லீங்ணா. அவருக்குத் தெரியாது. நீங்களும் சொல்லப்படாது.

— தெரியாதா? அவரு வாங்குன மருந்த அவருக்குத் தெரியாம மாத்தறதா? அது எப்படி முடியும்? அவரு எஸ்டேட் ஆபீசுல கிளார்க்கா இருந்த மனுசன். ஒரு சீட்டு விடாமப் படிக்கறவரு. டப்பாவப் பாத்ததும் கண்டுபுடிச்சுருவாரு.

— அதனாலதானுங்க... நீங்க கோவிச்சுக்கப்படாது. இந்த டப்பாவுல இருக்கறத நீங்க எடுத்துக்கிட்டு, அந்த வேப்ப மருந்த இதுக்குள்ளயே ஊத்திக் குடுத்தீங்கன்னா...

— அம்மிணி! என்ற லைசென்சு மாட்டியிருக்குது பாருங்க, அந்தச் சாமி படத்துக்குப் பக்கத்துல. இருபது வருசக் கடைங்க. டப்பா மாத்தி ஊத்துனான்னு ஒருத்தன் சொன்னாப் போதும், நானும் திருப்பூர் பஸ்தான். அதெல்லாம் ஆகாது. அப்பறம் எதுக்கு ரோட்டயே பாக்கறீங்க? ஆரு வர்றாங்க?

— ஆரும் வர்லீங்க. பஸ் எப்பங்க?

— நாடுகாணி பஸ்ஸா? மண்ணு சரிஞ்சு கெடக்குதுன்னு ஒண்ணும் ஓடல. நீங்க எப்படி வந்தீங்க?

— கட்டை ஏத்திட்டு வந்த ஜீப்புல வந்தனுங்க. அவரு குளிக்கப் போனாரு. அதுக்குள்ள எடுத்துட்டு ஓடியாந்துட்டேன். சீக்கிரங் குடுங்கணா. உங்க காலுல உளுந்து கேக்கறேன்.

— ஏனுங்க! அந்தப் புள்ளைய நிக்க வெச்சு என்ன கோர்ட்டாட்டக் கேள்வி கேட்டுட்டு இருக்கறீங்க? லீலா, உள்ள வா கண்ணு. தலையெல்லாம் சொட்டச் சொட்ட நனஞ்சு கெடக்குது. இந்தா துண்டு.

— நான் ஒண்ணுங் கேக்கல பங்கஜம். மூணு பங்கு வெல குடுத்து வேப்ப மருந்து வேணுங்கறாங்க. நான் வேண்டாம்னு நல்லதுதான் சொல்றேன்.

— செரி செரி, உங்க நல்லதத் தூக்கி அக்கட்ட வெய்யுங்க. லீலா, என்ன கண்ணு இது, கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு? ஆடிக்கு வந்தப்போ நல்லாத்தான இருந்த? காச்சலா?

— இல்லீங்க்கா.

— சோறு உண்டயா?

— ஆச்சுங்க்கா.

— எப்ப?

— ...நேத்தா? தெரியலீங்க்கா. எல அஞ்சு ரூவாய்க்கு எறங்குனதுல இருந்தே சோறு வேண்டியிருக்கறதில்ல.

— அந்த டப்பாவ மொதல்ல கீழ வெய்யி. வெச்சுட்டு எங்கிட்டச் சொல்லு. இந்த மனுசன் காதுல வாங்க மாட்டாரு. கணக்குப் போடறதோட செரி.

— அக்கா... இந்த டப்பா எங்க இருந்துச்சு தெரியுமுங்களா?

— உங்க மருந்துக் கொட்டாய்லதான இருக்கும்?

— அங்கதான் இருந்துச்சு. மருந்தடிக்கற மிசினு பக்கத்துல. ஒரு நா சாயங்காலம் பாத்தா அங்க இல்ல. நான் வித்துட்டாரோன்னு நெனச்சேன். அப்பறம் கூட்டறப்போ பாக்கறேன், அவரு கட்டிலுக்கு அடியில அந்தத் தகரப் பொட்டியத் தள்ளி வெச்சிருக்கறாரு. பூட்டு தொங்குது. இருவது வருசத்துல அந்தப் பொட்டிக்குப் பூட்டே போட்டதில்லீங்க்கா. சாவிய அரணாக்கவுத்துல கட்டியிருக்கறாரு. இன்னிக்குத்தான், குளிக்கறப்போ கழட்டி ஆணியில மாட்டுனாரு. நான் போய்த் தொறந்தேன். துணிக்கு அடியில, ஒரு வேட்டியில சுத்தி... இதுதானுங்க இருந்துச்சு.

— அட சாமி.

— ஏனுங்க, நீங்க உக்காருங்க. ஒண்ணும் பேசாதீங்க.

— இல்ல பங்கஜம், எலி தொந்தரவுக்கு ஏதாச்சும்...

— வாய மூடுங்கன்னு சொன்னேன். சொல்லு கண்ணு.

— எனக்குப் பயமா இருக்குதுங்க்கா. ரெண்டு வாரமா எனக்கு வேற ஒண்ணுமே தெரியல. ராத்திரி முழிச்சுப் பாத்தா எந்திரிச்சு உக்காந்திருக்கறாரு. லைட்டும் போடறதில்ல. கண்ணக் கண்ண முழிச்சுட்டு என்னையவே பாத்துட்டு இருக்கறாரு. நான் தூங்கற மாதிரி கெடப்பேன். தூங்குனா என்ன பண்ணிக்குவாரோன்னு நானும் தூங்கறதில்ல. விடியறவரைக்கும் ரெண்டு பேரும் அப்படியே கெடக்கறோம். பேக்டரிக்கு எல கொண்டு போறதையும் உட்டுட்டாரு. லிங்கசாமி வண்டில போட்டு உட்டறாரு. ஊட்ட உட்டு நகர்றதே இல்ல. நான் தண்ணி எடுக்கப் போனா பின்னாலயே வர்றாரு. வந்து கெணத்த எட்டிப் பாக்கறாரு. எதுக்குங்க பாக்கறீங்கன்னா, தண்ணி எவ்வளவு இருக்குதுன்னு பாத்தேங்கறாரு. மழைக்காலத்துல தண்ணி எவ்வளவு இருக்குதுன்னு ஆருங்க்கா பாப்பாங்க?

— சண்டை கிண்டை ஏதாச்சும்?

— சண்ட போட்டாக்கூட நெஞ்சு ஆறுமுங்க்கா. எப்பவும் வள்ளுன்னு உளுகற மனுசன். இப்ப அவரே காப்பி வெச்சுக் கொண்டாந்து குடுக்கறாரு. உனக்கு என்ன வேணும், என்ன திங்கறேன்னு கேக்கறாரு. முந்தாநேத்து சொல்றாரு, 'புள்ள ஸ்வேதா கல்யாணத்த நீ கண்ணாரப் பாக்கோணும் லீலா'ன்னு. நீ பாக்கோணுங்கறாரு. நாம பாக்கோணும்னு சொல்லல. அடுப்படிக்குப் போய் வாயப் பொத்திட்டு அழுதேன். திரும்புனா வாசப்படில நின்னு பாத்துட்டு இருக்கறாரு.

— ஸ்வேதாவுக்குச் சொன்னயா?

— பரீட்சைங்க்கா அவளுக்கு. என்னன்னு சொல்லறது? உங்கப்பன் இப்படி நெனைக்கறாருன்னு எப்படி எழுதறது?

— அவருகிட்டயே கேக்கறதுதான கண்ணு? ஏனுங்க, இந்தப் பொட்டிய எதுக்குப் பூட்டுனீங்கன்னு?

— பயமுங்க்கா. அந்த நெனப்பு அரையும் கொறையுமா இருந்தா, நான் கேட்டு முழுசா ஆக்கிருவனோன்னு பயம். வாயத் தொறந்து ஒருக்காச் சொல்லிட்டா அது நெசமாயிரும்ல?

— அம்மிணி, ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்காதீங்க. செவ்வாக்கெழம அவரு இங்க வந்தாரு.

— இங்கயா? செவ்வாக்கெழம நான் ரேசன் கடைக்குப் போயிருந்தேன். எதுக்குங்ணா வந்தாரு?

— ஒண்ணும் வாங்கல. அந்த யூரியா மூட்டை மேல உக்காந்திருந்தாரு. ஆபீசுல இருந்தப்போ எப்படிப் பேசுவாரு, கடையே அதிரும். ஒரு வார்த்த பேசல. எந்திரிக்கறப்போ மட்டும், 'லீலா தனியா இங்க வந்தா எனக்குச் சொல்லி உடுங்க'ன்னாரு. நான் என்னமோ சாமானத்துக்குன்னு நெனச்சு மண்டைய ஆட்டிட்டேன்.

— பாத்தீங்களாக்கா? நான் எப்ப எங்க போறேன்னு பாக்கறாரு. நான் ஊட்டுல இல்லாத நேரத்தப் பாத்துக் காத்துட்டு இருக்கறாரு.

— செரி செரி, ஒடனே அப்படி நெனைக்காத.

— வேற எப்படிங்க்கா நெனைக்கறது? எஸ்டேட்டு வேலைய உட்டப்போ குடுத்த பணத்த முழுசும் அந்த ரெண்டு ஏக்கர்ல போட்டாரு. 'ஆபீசு சேருல உக்காந்து தேஞ்சது போதும் லீலா, இனி நாம மொதலாளி'ன்னாரு. அந்த வருசம் பதினெட்டு ரூவா போச்சு எல. இப்ப தோட்டத்துப் பக்கமே கண்ணத் திருப்ப மாட்டீங்கறாரு. அவரு தப்புன்னே நெனைக்கறாரு. நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லீங்க்கா. ஒரு வார்த்த சொன்னதில்ல.

— அம்மிணி, இத இங்கயே உட்டுட்டுப் போங்க. நான் வெச்சுக்கறேன். சும்மா வெச்சுக்கறேன். எதுக்கு மூணு பங்கு குடுத்து அது?

— இது இல்லீன்னா வேற ஒண்ணு வாங்குவாருங்ணா. கொசு உளுந்து கொழுந்தெல்லாம் கருகிக் கெடக்குது, மழ உட்டா அடிச்சே ஆகோணும். அடிக்கலீன்னா அந்த அஞ்சு ரூவாயும் இல்ல. மருந்து ஊட்டுல இருந்துதான் ஆகோணும். இருக்கற மருந்து உசுர எடுக்காத மருந்தா இருக்கோணும். அதுக்குத்தான் கேக்கறேன்.

— அதுவும் மருந்துதானுங்க அம்மிணி, பாயசமில்ல.

— தெரியுமுங்ணா. செவப்பு முக்கோணம் போட்டிருந்தா கொடிய வெசம், பச்ச போட்டிருந்தா வெசம் கம்மின்னு ஸ்வேதா பழைய புத்தகத்துல படிச்சுப் பாத்துட்டுத்தான் வந்தேன். எனக்கு அந்தப் பச்ச போதும். இனி அவரு எப்பக் கேட்டாலும் அதத்தான் குடுக்கோணும் நீங்க. செவப்பு ஸ்டாக் இல்லீன்னு சொல்லிருங்க. பில்லுல பழைய வெலையே போடுங்க. மிச்சத்த நான் பால் ஊத்தற காசுல கட்டிர்றேன்.

— எத்தன நாளைக்கு?

— எலைக்கு வெல வர்ற வரைக்கும்.

— வரலீன்னா?

— வரலீன்னாலும்.

— அது வேலையும் கொறைச்சலுங்க. உள்ளதச் சொல்லீர்றேன். அத அடிச்சாக் கொசு சாவாது. கோவிச்சுட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிட்டு, பத்து நா கழிச்சுத் திரும்பி வரும். மறுக்கா மறுக்கா அடிக்கோணும். மூணு பங்குன்னு சொன்னது அஞ்சு பங்கு ஆயிரும்.

— ஆகட்டுமுங்க.

— அப்பறம் நான் ஒருத்தன் இல்லீன்னு சொல்லி என்ன ஆகும்? கூடலூர்ல எத்தனை கடை இருக்குது!

— அங்கெல்லாம் கையில காசு கேப்பாங்கணா. அவருகிட்ட அது இல்ல. கடனுக்குக் குடுக்கற கடை நீங்க ஒருத்தர்தான். இல்லாமப் போனதுல ஒரு நல்லது, அவ்வளவுதான்.

— ஏனுங்க, இன்னும் என்ன வாய் பாத்துட்டு நிக்கறீங்க? மேல் தட்டுல இருந்து அத எறக்குங்க. வெல வித்தியாசம் ஒண்ணும் வேண்டாம் லீலா. தூசி தொடைக்கறதுக்கு நீ எடுத்துட்டுப் போனா எனக்கு வேல மிச்சம்.

— பங்கஜம், நம்ம கடை நெலம என்னன்னு உனக்குத் தெரியும்.

— தெரியும். நாளைக்கு ஒரு செய்தி வந்துச்சுன்னா அந்த டப்பாவ வித்தது ஆருன்னு ஊரு கேக்கும். அதுவும் எனக்குத் தெரியும். எறக்குங்க.

— எறக்கறேன், எறக்கறேன். எனக்கு மட்டும் பயமில்லீன்னா நெனைக்கற? இந்தாங்க அம்மிணி. டப்பா மாத்தற வேல மட்டும் வேண்டாம். கம்பெனி பழச வாபஸ் வாங்கிருச்சு, பதிலுக்கு இது குடுத்தாங்கன்னு நானே ஒரு சீட்டு எழுதித் தர்றேன். எழுத்துல இருந்தா அவரு நம்பிக்குவாரு.

— நீங்க நல்லா இருக்கோணுங்ணா. இனி ஊட்டுல இது மட்டும் இருந்தா நான் ஒரு நாளாச்சும் தூங்குவேன்.

— இரு கண்ணு. ஊட்டுல இப்ப ஆரு இருக்கறா?

— அவரு மட்டுந்தானுங்க்கா.

— தனியாவா?

— டப்பா இங்க இருக்குதில்லீங்களா.

— டப்பா இங்க இருக்குது, செரி. கெணறு அங்கதான இருக்குது?

— ...அக்கா.

— நீ வந்து எவ்வளவு நேரமாச்சு?

— அக்கா, நான் அத நெனைக்கவே இல்லீங்க்கா. இத எடுத்தாச் சரியாயிரும்னே ஓடியாந்துட்டேன். தனியா உட்டுட்டு வந்துட்டேன். அய்யோ, நான் ஊட்டுல இல்லாத நேரத்த நானே குடுத்துட்டு வந்துட்டேன்!

— ஏனுங்க, ஸ்கூட்டர எடுங்க.

— மண்ணு சரிஞ்சிருக்குது பங்கஜம், ஸ்கூட்டரு போகாது. ஞானசீலன் ஜீப்பு நிக்குதான்னு பாக்கறேன். நீங்க அழுவாதீங்க அம்மிணி. ஒண்ணும் ஆகாது. குளிச்சுட்டு ஈரத்துணி காயப் போட்டுட்டு இருப்பாரு.

— நான் நடந்தே போறேனுங்க. கைய உடுங்கக்கா. உடுங்க!

— போன் அடிக்குதுங்க. எடுங்க மொதல்ல.

— ஹலோ... ஆருங்க? சத்தமாப் பேசுங்க, மழைல ஒண்ணுங் கேக்க மாட்டீங்குது. நாடுகாணி டீக்கடையா? செல்லதுரையா? சொல்லு சாமி... ஏகநாதன் ஊட்டுலயா? கெணத்துலயா?

— அக்கா! போச்சுங்க்கா! போச்சு!

— லீலா, என்னையப் புடிச்சுக்க. ஏனுங்க, என்னன்னு சொல்லித் தொலைங்க!

— சித்த சும்மா இருங்க ரெண்டு பேரும்! செல்லதுரை, பக்கத்துல அழுவறது ஆரு? ஆரு? அவருகிட்டப் போனக் குடு... ஆமாங்க, ஆறுச்சாமிதான். ஆமா... ஆமாங்க, வந்தாங்க. இங்கதான் நிக்கறாங்க. நல்லா இருக்கறாங்க. இல்லீங்க, மூடியே தொறக்கல, என்ற மேசை மேலதான் இருக்குது. நீங்க மொதல்ல மூச்சு உடுங்க... அம்மிணி, உங்க ஊட்டுக்காரருதான் பேசறாரு. அவருக்கு ஒண்ணுமில்ல. பாதாளக்கரண்டியப் போட்டு இவ்வளவு நேரமாக் கெணத்துல தேடுனது உங்களையாமா. 'அவ சோறு உங்காம, தூங்காமக் கெடக்கறதப் பாத்துப் பயந்து போய்த்தான் அந்தக் கெரகம் புடிச்ச மருந்த எடுத்துப் பூட்டி வெச்சேன், இன்னிக்கு அதையுங் காணோம், அவளையுங் காணோம், அவ அங்க வந்தா தயவு பண்ணி ஒரு மருந்தும் குடுத்தராதீங்க'ன்னு கதறறாருங்க.